எண்ணித் தைத்த போர்வை: தோடர் பூத்துக்குளியை ஒன்பது மாதம் போர்த்திப் பார்த்த பிறகு

எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். நாற்பத்து மூன்று வருடமாகத் தையல் தொழிலில் இருக்கிறேன்; அதில் முப்பது வருடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சொந்தக் கடை. மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக்கிவிடலாம். தைத்தவரின் பொறுமையும் அவசரமும் உட்பக்கத்தில்தான் தெரியும். சென்ற மார்ச் மாதம் என் தங்கை மகள் நீலகிரியிலிருந்து கொண்டுவந்த, அந்த மலையின் பழங்குடியினரான தோடர்களின் போர்வையையும் அப்படித்தான் வெட்டுமேசைமேல் விரித்துப் புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளைப் பருத்தித் துணி. இரண்டு ஓரங்களிலும் சிவப்புப் பட்டையும் கறுப்புப் பட்டையும் தறியிலேயே நெய்து வந்திருக்கின்றன. பட்டைகளுக்கு இடையில் சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் பூவேலை. ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாக, தறியில் நெய்தது போலவே இருந்தது. மறுபக்கத்தில் நூல் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பி நின்றது. முடிச்சைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

“நல்ல பக்கம் எது, சொல்லுங்கள் பெரியம்மா” என்றாள்.

வழவழப்பான பக்கம் என்றேன்.

“நானும் அதைத்தான் சொன்னேன். தைத்த அக்கா தலையை ஆட்டி, திருப்பிப் போட்டுக் காட்டினார். மேடு மேடாக இருக்கும் பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கமாம்.”

துணியின் அடிப்பக்கமாக இருந்து ஊசியை ஓட்டி, ஒவ்வொரு இழுப்பிலும் நூலைக் கொஞ்சம் தளர்த்தி விட்டுவிடுகிறார்கள். அந்தத் தளர்வுதான் மேடாக நிற்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நூலைத் தளர விட்டதற்காகக் கையில் அடி வாங்கியவள். தளர்வையே அழகாக்கிய ஒரு தையலை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

இதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் போர்வையைப் பற்றிப் பேசினால் பாதிதான் சொன்னதாகும். இணையத்தில் ஒருவர் “நீலகிரித் தோடர் கைவேலை” என்று போட்டு விற்றார். 95 வெள்ளி (ரிங்கிட்). படத்தில் பார்க்க இதே சிவப்பு, இதே கறுப்பு. பொட்டலத்தைப் பிரித்துப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. அடியில் வெள்ளைப் பாபின் நூல் வரிசையாக ஓடியிருந்தது. ஒரு மூலையில், இயந்திரத்தில் பூவேலை போடும்போது துணி சுருங்காமலிருக்க அடியில் வைக்கும் காகிதத்துணியின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் அலசலில் சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாயிற்று. விற்றவருக்கு எழுதினேன். கைவேலையின் பாணி என்றுதான் சொன்னோம், கைவேலை என்று சொல்லவில்லை என்று பதில் வந்தது. பணம் திரும்பவில்லை.

எனக்குப் பணம் போனதைவிட வேறொன்று வருத்தியது. இந்தப் பூவேலைக்கு 2013இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த மலையில், அந்த மக்கள் கையால் செய்தால்தான் அந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம் என்பது அதன் பொருள். தோடர்கள் எல்லாரையும் சேர்த்தாலே சுமார் 2,000 பேர்தான். நம் ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டம். அவர்களில் பெண்கள் மட்டும் செய்கிற வேலை இது. அவ்வளவு சிறிய சமூகத்தின் பெயரை எடுத்து இயந்திரத் துணிமேல் ஒட்டி விற்கிறவர், அந்தப் பெண்களின் அடுப்பிலிருந்து அரிசியை எடுக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

அதனால், வாங்க நினைப்பவர்கள் முதலில் புரட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கோலம் தெரிய வேண்டும். அடியில் வேறு நிற நூல் இருக்கக் கூடாது. மேடான பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். இயந்திர வேலை விரலுக்கு மொத்தமாகக் கெட்டியாக இருக்கும். துணியும் முக்கியம். இழைகளை எண்ணித்தான் இந்தத் தையல் போட முடியும் என்பதால் நெசவு கொஞ்சம் தடித்து, இழை இழையாகப் பிரித்துப் பார்க்கும்படி இருக்கும். பட்டுப்போல் வழுக்கும் மெல்லிய துணியில் “தோடர் வேலை” என்று யாராவது காட்டினால் அதே இடத்தில் சந்தேகப்படுங்கள்.

எண்ணுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணிமேல் சாக்கட்டியால் கோடு போடுவதில்லை. அச்சுப் பதிப்பதில்லை. வளையச் சட்டத்தில் துணியை இறுக்குவதும் இல்லை. என் தங்கை மகள் பார்த்தபோது அந்த அக்கா வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணியை இடதுகை விரல்களில் மடித்துப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஊசியை ஓட்டினாராம். எத்தனை இழையை விட்டு எத்தனை இழையை எடுப்பது என்பது விரலுக்கே தெரிந்திருந்தது என்றாள். எந்த ஏட்டிலும் மாதிரி கிடையாது. தாய் தைப்பதைப் பார்த்து மகள் கற்றுக்கொள்வது. அவர்கள் மொழியில் இந்த வேலைக்குப் “புகுர்” என்று பெயர். பூவேலை செய்த போர்வையைப் பூத்துக்குளி என்கிறார்கள்.

கடையை அடைத்த பிறகு ஓர் இரவு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் போர்வையில் எருமைக் கொம்புக் கோலம் இருக்கிறது. இடது கொம்பில் ஒவ்வொரு வரிசையாக எண்ணிக் காகிதத்தில் எழுதினேன். பிறகு வலது கொம்பை எண்ணினேன். மொத்தம் பன்னிரண்டு கொம்புகள். பன்னிரண்டும் இழைக்கு இழை ஒத்து வந்தன. எண்ணி முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் எண்ண மட்டுமே செய்தேன்.

எருமைக் கொம்பு ஏன் என்று கேட்பவர்களுக்காக: தோடர்களின் வாழ்க்கையே எருமையைச் சுற்றித்தான். சமவெளி எருமை வேறு, இது வேறு. நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிகளுக்கென்றே அமைந்த இனம். கொம்பு பிறைபோல் அகன்று வளைந்திருக்கும். பால் மிகவும் கொழுப்பானது. அவர்களுடைய கதையில், தெய்வம் மண்ணிலிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே வரவழைத்ததாம். கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன்தான் முதல் தோடன். எருமை முன்னே வர, மனிதன் அதன் பின்னே வந்தான் என்று சொல்லும் கதையை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அவர்களின் கோயில் என்பதும் பால்மனைதான். மந்தையில் புனிதமானவை என்று ஒதுக்கிய எருமைகளின் பாலை அங்கே பூசாரி கறந்து கடைவார். பழங்காலத்தில் அந்த நெய்யும் பாலும்தான் அவர்களின் செல்வம். படகரிடமிருந்து தானியம், கோத்தரிடமிருந்து பானையும் இரும்புச் சாமானும், குறும்பரிடமிருந்து தேனும் காட்டுப் பொருளும் வரும். இவர்களிடமிருந்து பால்பொருள் போகும். துணியை அவர்கள் நெய்ததில்லை. கீழே சமவெளியில் நெய்த துணியை வாங்கி, அதைத் தங்களுடையதாக்கிக்கொள்ள ஊசி எடுத்தார்கள்.

பால்மனைக்குள் பெண்கள் போகக் கூடாது. பால் கறப்பதும் கடைவதும் ஆண்கள் வேலை. இதைக் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இன்று நிலைமை மாறியிருக்கிறது. புல்வெளிகளில் சீகை மரமும் நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூக்கலிப்டஸும் நட்டார்கள். தேயிலை வந்தது. அணை கட்டியபோது சில பள்ளத்தாக்குகள் நீருக்கடியில் போயின. மேய்ச்சல் சுருங்கியதும் மந்தைகளும் சிறுத்துவிட்டன. பல குடும்பங்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகின்றன. பாலிலிருந்து வந்த காசு குறைந்த வீட்டில், பெண் தைக்கிற துணியிலிருந்து காசு வருகிறது. பால்மனை வாசலில் நிறுத்தப்பட்டவளின் கை இன்று அடுப்பெரிக்கிறது. தையலால் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

விலைக்கு வருகிறேன். 6,800 ரூபாய்; அன்றைய மாற்றுக் கணக்கில் ஏறத்தாழ 350 வெள்ளி. ஊட்டியை ஒட்டிய ஒரு மந்தில் தைத்தவரிடமே நேரில் வாங்கியது. மந்து என்பது தோடர் குடியிருப்பு. அதே அளவுப் போர்வைக்கு நகரத்தில் ஒரு கடையில் 9,500 ரூபாய் சொன்னார்களாம். இதில் தைத்தவருக்கு எவ்வளவு போகும் என்று என் தங்கை மகள் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் பேச்சை மாற்றிவிட்டார். மந்தில் அந்த அக்கா விலையைச் சொன்னபோது இவள் பேரம் பேசவில்லை. சமையல், பிள்ளை, கேரட் பாத்தி எல்லாவற்றுக்கும் இடையில் பகல் வெளிச்சத்தில் மட்டும் தைத்து ஆறு வாரம் ஆனதாகச் சொன்னாராம்.

இதை அதிக விலை என்று என் கடைக்கு வரும் இருவர் சொன்னார்கள். அவர்களுக்குச் சொன்ன கணக்கையே இங்கும் எழுதுகிறேன். மணப்பெண் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்ய நான் 450 வெள்ளி வாங்குகிறேன். உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு எட்டு நாளில் முடித்துவிடுவேன். அதைக் கொடுக்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆறு வார வேலைக்கு 350 வெள்ளி, அதிலும் துணியும் நூலும் அவர் கைக்காசு. என்னைக் கேட்டால் இந்த விலை குறைவு. அடுத்த முறை இவள் போகும்போது கூடுதலாகவே கொடுத்தனுப்புவேன்.

கூடவே ஒரு சின்னக் கைத்தொலைபேசிப் பையும் வாங்கி வந்தாள். நகரத்துக் கடையில் 450 ரூபாய். பூவேலை அசல்தான், புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் பையாகத் தைத்தவர் வேறு யாரோ. உள்துணி மெல்லியது, ஜிப் மூன்றாம் மாதமே மாட்டிக்கொண்டது. ஜிப்பை நானே மாற்றினேன். அவ்வளவு நேர்த்தியான வேலையை இவ்வளவு மட்டமான ஜிப்போடு சேர்த்தது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. பை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

போர்வையின் குறைகள். நீளம் இரண்டே கால் மீட்டர், அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கஞ்சி போட்டதுபோல் முதலில் விறைப்பாக இருந்தது, தோளில் படியவில்லை. மூன்று முறை குளிர்ந்த நீரில் கல்லுப்புப் போட்டு அலசிய பிறகுதான் இளகியது. சாயம் இறங்கவில்லை. ஒரு மூலையின் ஓர மடிப்பு பிரிந்துவிட்டது. அது இயந்திரத் தையல், கவனமில்லாமல் போட்டது; நானே திரும்ப மடித்துத் தைத்தேன். கம்பளி வளையங்கள் நகையில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் நம் ஊர்ப் புழுக்கம். நீலகிரி மேட்டுக் குளிருக்கென்று உண்டான துணியை சுங்கை சிப்புட் மதிய வெயிலில் ஐந்து நிமிடம்கூடப் போர்த்த முடியாது. அலமாரியில் மடித்து வைத்தால் மழைக்காலத்தில் மஞ்சள் புள்ளி விழுகிறது. பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காலை வெயிலில் அரைமணி நேரம் காயப் போட்டால் போதும்.

ஒரு நாள் விடியற்காலையில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போர்த்திக்கொண்டு போனேன். நான்கு மணிக்கு அந்தச் சுண்ணாம்புக் குன்றின் அடியில் வீசுகிற ஈரக்காற்றுக்கு இதமாக இருந்தது. டிசம்பரில் கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போனபோதுதான் இந்தப் போர்வை தன் சுபாவத்துக்கு ஏற்ற இடத்துக்கு வந்தது என்று தோன்றியது. தானா ராத்தாவில் மாலை மழை விட்டதும் பனி இறங்கியது. என் மருமகள் பஞ்சு அடைத்த கோட்டோடு நடுங்கினாள். நான் இந்தப் போர்வையை இரண்டு மடிப்பாக்கித் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றேன். அங்கே, மந்தில், ஆணும் பெண்ணும் இதைத்தான் போர்த்துகிறார்கள். முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகைக்குக் கூடும்போது எல்லார் தோளிலும் இதுவே இருக்கும். இளைஞர்கள் அங்கே உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுப் பலம் காட்டுவார்கள். இறந்தவர் உடலையும் பூத்துக்குளியால் போர்த்தியே அனுப்புகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குத் தயக்கம் வந்தது. வெளியாளாகிய நான் போர்த்தலாமா என்று தொலைபேசியில் அந்த அக்காவிடம் கேட்கச் சொன்னேன். “குளிருக்குப் போர்த்தத்தானே தைத்தேன், போர்த்தச் சொல்லுங்கள்” என்றாராம்.

தேயிலைச் சரிவில் நின்றபோது நினைத்ததை எழுதத் தயங்கினேன். ஆனால் இந்தப் போர்வையை வாங்குகிற நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது. நீலகிரியின் புல்வெளியில் தேயிலை நட்ட கைகளில் தமிழர் கைகளும் உண்டு. இலங்கையில் தோட்டத்தில் வேலை செய்து, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்ட வேலை கொடுத்தது. அவர்கள் கேட்டு வந்ததில்லை. என் தாத்தாவும் இங்கே அப்படித்தான் வந்தார். காட்டை அழித்து வைத்த இடத்தில் பால்மரக் (ரப்பர்) கன்று நடச் சொன்னார்கள், நட்டார். லாசா சாலையில் உள்ளே போனால் பிளஸ் ஆற்றின் மேல்பகுதியெல்லாம் தெமியார் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்கள். எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலை அவர்களுடையது. தோட்டம் வருவதற்கு முன் இந்தச் சமவெளிக் காட்டில் யார் பெத்தாய்க் காய் பறித்தார்கள், யார் பிரம்பு வெட்டினார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. தோடர்களின் புல்லைப் பற்றி வருத்தப்படத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அறுபது வருடம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தெமியார் பெண் ஒருவர் என் கடைக்கு வருவதுண்டு. பேத்தியின் பள்ளிச் சீருடையை அகலப்படுத்தவோ நீளத்தை ஏற்றவோ வருவார். பெத்தாய்க் காலத்தில் ஒரு கட்டு கொண்டுவந்து தருவார். ஜூன் மாதம் அவர் வந்தபோது போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தொடலாமா என்று மலாயில் கேட்டார். தொட்டதும் அவர் செய்த முதல் காரியம் அதைப் புரட்டிப் பார்த்ததுதான். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேடான பக்கத்தில் விரலை ஓட்டினார்.

“இது எண்ணிச் செய்ததுதானே?” என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நாங்கள் பாய் முடையும்போது எண்ணுவோம். ஓர் இலை தப்பினால் மூலையில் போய்த் தெரியும்.”

தாழை இலையைக் கீறிப் பதப்படுத்திப் பாய் முடைகிறவர் அவர். என் கடைக்கு ஆறு வருடமாக வருகிறார். அவர் பாய் முடைவார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன், நான் கேட்டதே இல்லை. நீலகிரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எருமை வாலைப் பிடித்து வந்த மனிதனின் கதையை அவர் மிகவும் ரசித்தார், மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த பாய் இப்போது என் வெட்டுமேசைக்கு அருகில் விரித்திருக்கிறது. அதற்கு அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

இனி, நகையில் மாட்டிய கதை. அக்டோபரில் ஈப்போ பஸ் நிலையத்தில் பையைத் தூக்கும்போது என் காப்பின் கொக்கி ஒரு கறுப்புக் கொம்பில் சிக்கி ஐந்து வளையங்களை இழுத்துவிட்டது. நூல் அறுபடவில்லை, நீளமாக வெளியே தொங்கியது, சுற்றியிருந்த வரிசை சுருங்கிப் போனது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத தையலா என்ற எண்ணத்தோடுதான் ஊசியைக் கோத்தேன். இழுபட்ட நூலை ஊசி முனையால் பின்னோக்கித் தள்ளித் தள்ளி ஒவ்வொரு வளையத்துக்கும் அதன் பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வளையம் பெரிதானால் அடுத்தது சிறுத்துவிடும். நான்கு இழை எண்ணி ஊசியை இறக்கினால் மறுபக்கத்தில் ஐந்தாவது இழையில் வந்து நின்றது. மூன்று முறை பிரித்தேன். ஐந்து வளையம் சரியாக ஒன்றரை மணி நேரம். இப்போதும் உற்றுப் பார்த்தால் அந்த இடம் தெரிகிறது. என் வளையங்கள் அவருடையதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக நிற்கின்றன.

அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா நினைவுக்கு வந்தார். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போவார். ஐந்நூறுக்கு மேற்பட்ட மரங்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதைக் கண் பார்த்ததைவிடக் கைதான் அறிந்திருந்தது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். எத்தனை மரம் வெட்டினார், எவ்வளவு நேர்த்தியாக வெட்டினார் என்று கூலியில் தெரியாது. நிறுத்த பாலுக்குத்தான் கணக்கு. மழை பெய்தால் பால் இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயரை யாரோ ஒரு கிராணி (எழுத்தர்) தப்பாக எழுதிவிட்டார். அதைப் பார்த்தே அடையாள அட்டையிலும் ஏறிவிட்டது. முப்பத்தோரு வருடம் வேறு யாரோ ஒருத்தியின் பெயரில் சம்பளம் வாங்கினார். மருத்துவமனையில் கடைசியாகக் கூப்பிட்டபோதும் அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

நகரத்துக் கடையில் வாங்கிய பையோடு ஒரு சீட்டு வந்தது. தோடர் கைவேலை என்று அதில் அச்சிட்டிருந்தது. தைத்தவர் பெயர் இல்லை. போர்வைக்குச் சீட்டே கிடையாது. ஆனால் என் தங்கை மகள் அந்த அக்காவிடம் பெயரைக் கேட்டு, அவர் சொன்னபடியே சொல்லிப் பார்த்து, அவர் சரி என்று தலையாட்டிய பிறகு கையேட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர்கள் மொழிக்கு எழுத்து இல்லை. தமிழ் எழுத்தில் அடங்காத ஓர் ஒலி அந்தப் பெயரின் நடுவில் இருக்கிறது. தொலைபேசியில் அவரிடமே இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்தேன்.

அவர் அனுமதி இல்லாமல் இங்கே அதை எழுத மாட்டேன். பிரிந்த மூலையைத் திரும்ப மடித்துத் தைத்தேன் அல்லவா, அந்த மடிப்பின் உட்பக்கத்தில் வெள்ளை நூலால் தைத்து வைத்திருக்கிறேன்.